ஆறுதலாக வாருங்கள்: கொழும்புப் புழுக்கத்துக்கு ஏற்ற ஒரு பயணத் திட்டம்

கொழும்புக்கு டிக்கெட் போட்டதும் எல்லோரும் முதலில் பார்ப்பது ஃபோன் காட்டும் வெப்பநிலையைத்தான். 31 பாகை. "இங்கேயும் ஜூலையில் 31 வரும்தானே, பிள்ளைகளுக்குப் பழக்கம்தான்" என்று ரொறன்ரோவிலிருக்கும் மச்சாள் சொன்னார். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த எண் குறைவாகவே தெரியும். அதே திரையைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தால் வேறு இரண்டு எண்கள் இருக்கும். ஈரப்பதன் 80 சதவீதம். இரவு வெப்பநிலை 26. உங்கள் பயணம் எப்படிப் போகும் என்பதை அந்த இரண்டும்தான் தீர்மானிக்கும்.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில். பள்ளி விடுமுறை தொடங்கினால் கனடா, லண்டன், சுவிஸ் என்று எங்கிருந்தாவது உறவுக்காரர் வந்தபடி இருப்பார்கள். வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஓர் அட்டவணை வந்துவிடும். காலையில் அருங்காட்சியகம், பத்து மணிக்குப் புறக்கோட்டை, மதியம் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, பின்னேரம் கல்கிசைக் கடற்கரை, இரவு சித்தப்பா வீட்டில் சாப்பாடு. ஒவ்வொரு இடமும் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் ஐந்தையும் ஒரே நாளில் போட்டால், மூன்றாவது இடத்தில் பிள்ளை அழத் தொடங்கும், நான்காவதில் பெரியவர்கள் வான் வண்டியைவிட்டு இறங்க மாட்டார்கள். பல வருடங்கள் கழித்து ஊருக்கு வருகிற அம்மாவும் அப்பாவும், முதல்முறை வருகிற பேரப்பிள்ளைகளும் இப்படித் தவிப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனம் பொறுக்காது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். சுருக்கமாகக் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஒரு நாளுக்குக் காலையில் ஒரு வேலை, மாலையில் ஒரு வேலை, நடுவில் வீடு.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், உடம்பு தன்னைக் குளிர்விக்க வைத்திருக்கும் பெரிய வழி வியர்வைதான். வியர்த்தால் மட்டும் போதாது, அந்த வியர்வை காற்றில் காய வேண்டும். காயும்போதுதான் உடம்பிலிருந்து சூடு போகும். காற்றிலே ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் முதுகிலே வழிந்தபடி இருக்கும். உடம்பு இன்னும் வியர்க்கும், தண்ணீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்கும், சூடு மட்டும் இறங்காது. சென்னையின் 38 பாகை வெயிலுக்குப் பழகியவர்கள்கூடச் சில நாள்களில் கொழும்பில் "என்ன இப்படிப் புழுங்குது" என்று கேட்பது இதனால்தான். இன்னொன்று, வறண்ட ஊர்களில் இரவில் குளிர்ந்துவிடும். இங்கே அப்படி இல்லை. இரவிலும் 25, 26 என்றே நிற்கும். பகலில் களைத்த உடம்புக்கு இரவில் முழு ஓய்வு கிடைக்காது. அதனால் முதல் நாள் களைப்பு இரண்டாம் நாளுக்கும், இரண்டாம் நாள் களைப்பு மூன்றாம் நாளுக்கும் சேர்ந்துகொண்டே போகும்.

நல்ல செய்தியும் உண்டு. உடம்பு பழகிக்கொள்ளும். வெக்கைக்குப் பழக ஒரு கிழமையிலிருந்து இரண்டு கிழமை வரை எடுக்கும். சீக்கிரமாக வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பு குறையும், இதயம் அவ்வளவு அடித்துக்கொள்ளாது. ஆகவே பெரிய அலைச்சல் எதுவாக இருந்தாலும் பயணத்தின் இரண்டாம் பாதிக்குத் தள்ளுங்கள். நாள் முழுக்க ஏசி அறையிலேயே இருந்தால் இந்தப் பழக்கம் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். காலையும் மாலையும் கொஞ்சம் வெளியே நடந்தால்தான் வரும்.

சரி, எப்போது வருவது?

வெளிநாட்டில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான். "அது மழைக்காலமாமே" என்று பலர் தயங்குகிறார்கள். தென்மேல் பருவக்காற்று மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை என்பது சரிதான். ஆனால் கொழும்பில் அதன் பெரிய அடி விழுவது மே, ஜூனில். ஜூலை, ஆகஸ்டில் மழை நன்றாகக் குறைந்துவிடும், கடற்காற்று மட்டும் விடாமல் வீசும். வானம் மூடியிருக்கும், அவ்வப்போது ஒரு பாட்டம் மழை பெய்யும், காற்றும் இருக்கும். புழுக்கத்தைப் பொறுத்தவரை இது நல்ல காலம்தான். கடல் மட்டும் கொந்தளிக்கும். மேற்குக் கரையில் அந்த மாதங்களில் பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள். கடல் குளிக்க ஆசை என்றால் திருகோணமலை, பாசிக்குடா பக்கம் போங்கள், அங்கே அப்போது கடல் குளம்போல் கிடக்கும். நல்லூர்த் திருவிழாவும் அந்தக் காலத்தில்தான் வரும். 25 நாள் திருவிழா, யாழ்ப்பாணத்தில் சோளகம் என்ற தென்மேல் காற்று விடாமல் வீசுகிற நேரம். வியர்த்தாலும் காயும்.

நான் வேண்டாம் என்று சொல்வது ஏப்ரலை. ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டி நண்பகலில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும், காலுக்கடியில் நிழலே விழாது. அதோடு இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவிலான காலம் அது, காற்று அப்படியே நின்றுவிடும். காலையில் அவிச்சல், பின்னேரம் இடி மின்னலோடு ஒரு கொட்டு, மழை விட்டதும் நிலத்திலிருந்து ஆவி கிளம்பி இன்னும் அவிச்சல். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் பூட்டியிருக்கும், வாகனம் ஓட்டுகிறவர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். வருடப்பிறப்பை உறவுகளோடு கொண்டாடத்தான் வருகிறீர்கள் என்றால் தாராளமாக வாருங்கள், ஆனால் சுற்றிப் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அக்டோபர், நவம்பரும் பின்னேர இடிமழைக் காலம்தான், வெள்ளம் வரக்கூடிய மாதங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை கொழும்பு நல்ல சுகம். மழை குறைவு, விடியற்காலையில் மெல்லிய குளிர்கூட இருக்கும், கடலும் அமைதி. விடுமுறை ஒத்துவருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஜனவரியைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த மாதமானாலும் பௌர்ணமி எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள். போயா நாள் நாடு முழுக்க விடுமுறை, இறைச்சிக் கடைகள் பூட்டு, நீண்ட வார இறுதியாக அமைந்துவிட்டால் வெளியூர் வீதியெல்லாம் வாகனம்.

இனி ஒரு நாளின் கணக்கு. இங்கே வருடம் முழுவதும் காலை ஆறு மணியை ஒட்டி விடியும், மாலை ஆறு, ஆறரைக்குள் இருட்டும். ஐரோப்பாவில்போல் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்காது. ஆக உங்களுக்குக் கிடைப்பது காலையில் ஆறு முதல் பத்து வரை, பின்னேரம் நாலரையிலிருந்து இருட்டும் வரை, அப்புறம் இரவு. கனடாவிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி. கோடையில் ரொறன்ரோவுக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். முதல் சில நாள்கள் பிள்ளைகள் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே எழும்பி உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களைத் திரும்பப் படுக்கவைக்கப் போராட வேண்டாம். ஐந்தே முக்காலுக்குக் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் வீதிக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. விடியும்போது அங்கே நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், பாறையில் நின்று தூண்டில் போடுகிறவர்கள் என்று ஒரு சின்ன உலகமே இருக்கும். வேலைக்குப் போகிறவர்களை வாசல் வரை தொங்கவிட்டபடி முதல் ரயில்கள் கோட்டைப் பக்கம் போகும். பிள்ளைகள் கையசைத்தால் ரயிலிலிருந்து நிச்சயம் யாராவது திருப்பிக் கையசைப்பார்கள். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து குளித்து, இடியப்பமும் சொதியும் சம்பலும் சாப்பிட்டால், ஒன்பது மணிக்குள் ஒரு நாளின் அரைவாசி சந்தோஷம் கிடைத்துவிடும்.

காலை வேலைக்கு நான் முதலில் சொல்லும் இடம் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்த கோயில் அது. வெளியே துறைமுகத்துக்குப் போகிற லொறிகளின் இரைச்சலும் புகையும். வாசல்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் உள்ளங்காலில் ஒரு குளிர்ச்சி ஏறும். தூண்களுக்கு நடுவே வெளிச்சம் மங்கல், எண்ணெய் வாசம், கல் இரவு முழுக்கச் சேர்த்துவைத்த தண்மை. ஒரு தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் சேலையைத் தாண்டிக் கல்லின் குளிர் முதுகில் இறங்குவது தெரியும். எங்கள் மாமிக்கு முழங்கால் வருத்தம், அதிக நேரம் நிற்க முடியாது. அந்தத் தூணடியில் அவர் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். எழுப்பப் போன பேத்தியிடம், "இரு பிள்ளை, ஆறுதலாப் போவம்" என்றார். ஒன்பது மணி வெயிலுக்கு முன்னே போனால்தான் இந்தச் சுகம். நண்பகலில் கோயிலும் பூட்டிவிடும், வெளிவீதியில் வெறுங்காலுடன் நடக்கவும் முடியாது. பக்கத்திலேயே அந்தோனியார் கோயில். கொஞ்சம் தள்ளிச் செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில்களும் நகைக்கடைகளும். புறக்கோட்டையில் 1908–1909இல் கட்டிய சிவப்பு வெள்ளைச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். இந்த வட்டாரத்தைப் பத்து மணிக்குள் முடித்துக்கொண்டு வண்டி ஏறிவிட வேண்டும். புறக்கோட்டைச் சந்தைக்குள் பதினொரு மணிக்கு மாட்டிக்கொண்டால் காற்று என்பதே இருக்காது.

வேறொரு நாள் காலை ஈரநிலப் பூங்காவுக்குப் போகலாம். ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது பலருக்குத் தெரியாது. கோட்டே பக்கம் பெத்தகான பூங்காவில் தண்ணீருக்கு மேலே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் வெயில் ஏறுமுன்தான் வெளியே வரும். அருங்காட்சியகம் என்றால் காலை திறந்த கையோடு போங்கள். 1877இல் தொடங்கிய அந்த வெள்ளைக் கட்டடத்தின் விறாந்தையும் முற்றத்து ஆலமரமும் உள்ளே இருக்கும் பொருள்களுக்குக் குறைந்தவை அல்ல. எல்லா மண்டபத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்றில்லை. பொலன்னறுவைக் காலத்து வெண்கல நடராசரையும் சிவகாமியையும் வடிவாகப் பார்த்துவிட்டு வந்தாலே போதும்.

பத்து மணிக்குப் பிறகு வீடு. இந்த நடுப்பகலைத்தான் வருகிறவர்கள் வீணாகப் போகும் நேரமாக நினைக்கிறார்கள். எனக்கு அது பயணத்தின் மிக நல்ல பகுதி. யன்னல் திரையை இழுத்துவிட்டு, ஃபேனைப் போட்டு, இன்னொரு தரம் தண்ணீர் வார்த்துவிட்டு, சாரமோ வீட்டுச் சட்டையோ மாற்றிக்கொண்டு தரையில் பாயைப் போட்டுப் படுக்கலாம். பெரியவர்கள் கதைக்கத் தொடங்குவது அப்போதுதான். யார் யாருக்கு எப்படி உறவு, எந்தக் காணி யாருக்குப் போனது, எந்த வருடம் எந்த வீட்டைவிட்டு எப்படி வெளிக்கிட்டோம் என்பதெல்லாம் வானுக்குள்ளே கதைக்கிற விஷயங்கள் அல்ல. பேரப்பிள்ளைகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்பார்கள். இந்த நேரத்தை ஒரு கடைத்தொகுதியில் கழித்துவிடலாம் என்று சிலர் ஐடியா சொல்வார்கள். ஏசிக்கு உள்ளேயும் வெயிலுக்கு வெளியேயும் மாறி மாறிப் போவதில் பிள்ளைகளுக்குத் தடிமன் (சளி) பிடிப்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

பின்னேரத்துக்குக் காலிமுகத்திடலைவிட வேறென்ன சொல்ல. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பேணும்படி தனக்குப் பின் வருகிறவர்களைக் கேட்டு அங்கே ஒரு கல்லில் பொறித்து வைத்திருக்கிறார். அன்றும் இன்றும் இந்த ஊரில் காற்று வாங்க அதுதான் இடம். பகலில் நிலம் கடலைவிடச் சூடேறுவதால் கடலிலிருந்து காற்று உள்ளே வரும், பின்னேரம் அது நன்றாகத் தெரியும். ஐந்து மணிக்குப் போங்கள். இறால் வடை, காரம் போட்ட அன்னாசி, பட்டம் விடுகிற பிள்ளைகள். புல்லில் ஒரு விரிப்பை விரித்துப் பெரியவர்களை உட்காரவைத்தால் இருட்டும் வரை அவர்கள் எழும்பவே மாட்டார்கள். இன்னொரு மாலைக்குப் பேரை வாவியில் உள்ள சீமமாலக்கய. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1970களில் வடிவமைத்தது, தண்ணீருக்கு மேல், நாலு பக்கமும் காற்றுப் புகும்படி மரச்சட்டங்களால் அடைத்தது. வெப்பநாட்டில் எப்படிக் கட்ட வேண்டும் என்பதை அங்கே உட்கார்ந்தே புரிந்துகொள்ளலாம்.

தங்கும் இடம் பார்க்கிறவர்கள் படத்தில் அலங்காரத்தைப் பார்க்கிறார்கள். யன்னலைப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு யன்னல் இருந்தால் காற்று ஓடும். மேற்குப் பார்த்த அறை பின்னேர வெயிலை வாங்கி இரவு வரை சுடும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள மேல்தளமும் அப்படித்தான். கூரைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் பகலில் கொதிக்கும் என்பதால் பிள்ளைகளைக் குளிக்கவார்க்குமுன் கையை வைத்துப் பாருங்கள். ஏசி இருந்தால் 18இல் வைக்காமல் 26இல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள். ஈரம் இறங்கினாலே உடம்புக்குச் சுகம் வந்துவிடும், வெளியே போகும்போதும் முகத்தில் அடித்ததுபோல் இருக்காது.

உடுப்பு விஷயத்தில் ஒரே சொல்: பருத்தி, அதுவும் தொளதொளப்பாக. ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு சட்டை மாற்ற வேண்டி வரும், அதனால் நிறையக் கொண்டுவருவதைவிடச் சீக்கிரம் காயக்கூடியதைக் கொண்டுவாருங்கள். மழைநாளில் இங்கே துணி காயவே காயாது. ஈரத்தோடு சூட்கேஸுக்குள் வைத்துப் பூட்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும், தோல் செருப்பும் இடுப்புப் பட்டியும்கூடத் தப்பாது. அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் வேர்க்குரு போடும். குளித்ததும் துவாயால் ஒற்றி நன்றாக உலரவிட்டுத்தான் உடுக்க வேண்டும். ஒரு குடை எப்போதும் பையில் இருக்கட்டும். வெயிலுக்கும் அதுதான், மழைக்கும் அதுதான்.

தண்ணீரைப் பற்றிப் பெரியவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே இருக்க வேண்டும். வழியில் கழிவறை தேட வேண்டி வருமே என்று அவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள், முக்கியமாக அம்மாமார். ஆதலால் எங்கே போவதானாலும் அங்கே சுத்தமான கழிவறை இருக்கிறதா என்று முதலே விசாரித்து, அதைச் சொல்லியே கூட்டிக்கொண்டு போங்கள். வயது போகப் போகத் தாகம் எடுப்பதும் குறையும், எனவே கேட்டுக் கொடுக்காமல் நேரம் பார்த்துக் கொடுங்கள். கொதித்தாறிய தண்ணீர், மோர், தேசிக்காய் பிழிந்து உப்புப் போட்டது, வீதியோரத்தில் சீவித் தரும் செவ்விளநீர் எல்லாம் நல்லவை. நிறைய வியர்த்துக் களைத்த நாளில் மருந்துக்கடையில் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைக் கேட்டு வாங்கி, பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். பிறஷருக்காகச் சலம் (சிறுநீர்) போக்கும் குளிசை எடுக்கிறவர்கள், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள், வருவதற்கு முன்பே தங்கள் வைத்தியரிடம் வெக்கையான நாட்டுக்குப் போவதாகச் சொல்லி ஆலோசனை கேட்பது அவசியம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரக வருத்தக்காரருக்கு அது ஆகாது. யாருக்காவது தலை சுற்றி, பேச்சுத் தடுமாறி, உடம்பு நெருப்பாகச் சுட்டால் யோசித்துக்கொண்டு நிற்காமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை ஈரத்துணியால் துடைத்து விசிறியபடி 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, காசு வாங்க மாட்டார்கள்.

சாப்பாடு தானாகவே அமையும். காலையில் அவித்தவை, மதியம் சோறு கொஞ்சமும் மரக்கறி கூடுதலும், ரசம், தயிர். பப்பாசியும் அன்னாசியும் எந்த மாதமும் கிடைக்கும். ஜூன், ஜூலையில் றம்புட்டான். யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அகப்பட்டால் அதற்கு முன்னால் வேறு எதையும் வைக்காதீர்கள்.

நுளம்பைச் சொல்லாமல் விட முடியாது. மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் தந்துவிட்டது, அந்தப் பயம் வேண்டாம். டெங்கு இருக்கிறது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதிலும் விடிந்த பின்னான இரண்டு மணி நேரமும் பொழுதுபடுவதற்கு முந்திய நேரமும்தான் அதற்கு வசதி. நான் உங்களை வெளியே போகச் சொன்ன அதே நேரங்கள். அதனால் மெல்லிய முழுக்கைச் சட்டை, காலை மூடும் காற்சட்டை, வெளியே தெரியும் இடத்துக்கு நுளம்புக் களிம்பு. காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். இபுபுரூஃபனோ ஆஸ்பிரினோ கொடுக்கக் கூடாது, டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். இரத்தப் பரிசோதனைக்குத் தாமதிக்காமல் போங்கள். கடித்து இரண்டு கிழமைக்குள் எப்போது வேண்டுமானாலும் காய்ச்சல் தொடங்கலாம். ஆகவே திரும்பிப் போன பிறகு காய்ச்சல் என்றால் அங்குள்ள வைத்தியரிடம் இலங்கையிலிருந்து வந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

புழுக்கத்திலிருந்து இரண்டு, மூன்று நாள் தப்ப வேண்டுமென்றால் மலை. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு, ஆறரைப் பாகை குறையும். கண்டி சுமார் 500 மீற்றர்தான், அங்கே பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே சுவெற்றர் போட வேண்டும், தேநீரைக் கையில் பிடித்துச் சூடு காய வேண்டும். ரயில் என்றால் நானுஓயாவில் இறங்குவது. ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பெருமழைக்குப் பின் மண்சரிவால் பாதை மூடப்படுவது உண்டு, புறப்படுமுன் ஒருமுறை விசாரியுங்கள். போன அன்றே திரும்புகிற திட்டம் மட்டும் வேண்டாம், பயணக் களைப்பில் குளிர்ச்சியை அனுபவிக்கவே முடியாது. காலிக்கு ஒருநாளில் போய்வரலாம், 116 கிலோமீற்றர் கரையோர ரயில் பாதை, போகும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் கடல். ஆனால் காலிக் கோட்டை மதிலில் நிழல் கிடையாது, பின்னேரம்தான் ஏற வேண்டும்.

நகருக்குள் போய்வர ஃபோனில் பிக்மி அல்லது ஊபர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் தூரத்துக்கு ஓட்டோதான் வசதி, இரு பக்கமும் காற்று வரும். காலையும் மாலையும் அலுவலக நேரத்தில் காலி வீதியில் மாட்டினால் வண்டி எதுவானாலும் ஒன்றுதான்.

கடைசியாக, யாரும் எழுதாத விஷயம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை உண்மையில் களைக்கவைப்பது ஊர் பார்ப்பது இல்லை, உறவு பார்ப்பது. கொட்டாஞ்சேனையில் ஒரு பெரியம்மா, தெஹிவளையில் ஒரு மாமா, பம்பலப்பிட்டியில் அப்பாவோடு படித்தவர். ஒரு வீட்டுக்குப் போய்விட்டு இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் "எங்களை மறந்துபோனீங்களோ" என்று கேட்பார்கள், அந்தக் கேள்வியின் வருத்தமும் உண்மையானதுதான். எனவே ஒரு நாளில் மூன்று வீடு என்று வெயிலில் ஓடுகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் குடிக்க, கடிக்க. மறுக்க முடியாது. நான்காம் நாள் வயிறும் போய்விடும், முகமும் வாடிவிடும்.

எங்கள் வீட்டில் இப்போது வேறுவிதமாகச் செய்கிறோம். வந்த முதல் கிழமைக்குள் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் எல்லோரையும் ஒரே இடத்துக்கு அழைத்துவிடுவோம். நல்ல காற்றோட்டமான ஒரு வீட்டு மொட்டைமாடி, வெயில் சாய்ந்த பிறகு, பிளாஸ்டிக் கதிரைகள், தோசையும் வடையும் பிளேன்ரீயும். அங்கே எல்லோரையும் கண்டு கதைத்தாகிவிடும். அப்புறம், நடக்க முடியாத, படுக்கையில் இருக்கிற பெரியவர்களை மட்டும் தனித்தனியாக, ஒரு மாலைக்கு ஒருவர் என்று போய்ப் பார்ப்பது. அவர்களிடம் போகும்போது அடுத்த வேலையென்று எதையும் வைத்துக்கொள்வதில்லை. போன தடவை மாமி, கட்டிலோடு கிடக்கும் தன் பழைய சிநேகிதியைப் பார்க்கப் போய், ஃபேனுக்குக் கீழே கையைப் பிடித்தபடி இருட்டும் வரை இருந்தார். "வெளிக்கிடுவமோ மாமி?" என்று கேட்டதற்கு, "நான் இதுக்குத்தான் பிள்ளை வந்தனான்" என்றார். அந்த மாலைக்கு வேறு ஏதாவது போட்டிருந்தால் அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்திருப்போம். அதை நினைக்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

திரும்பிப் போகிற நாளுக்கும் ஒரு வார்த்தை. விமானம் இரவில் என்றால் அறையை மாலை வரை வைத்திருக்க முன்பே பேசிக்கொள்ளுங்கள், அரைநாள் காசு போனாலும் பரவாயில்லை. அன்று கடைசி நேரக் கடைக்கு ஓடாதீர்கள். கருவாடு, மிளகாய்த்தூள், ஒடியல் மா எல்லாம் முதல்நாளே வாங்கிக் காற்றுப் புகாமல் கட்டிவிடுங்கள். பின்னேரம் நன்றாகத் தூங்கி எழும்பிக் குளித்து, உலர்ந்த பருத்தி உடுப்புப் போட்டுக்கொண்டு வெளிக்கிடலாம். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அதிவேக வீதியால் போகலாம்தான், ஆனால் வெள்ளவத்தையிலிருந்து அந்த வீதியில் ஏறும் வரைதான் இழுபடும், அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். பிள்ளைகளின் சுவெற்றரைப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், விமானத்துக்குள் தேவைப்படும்.